பாட்டிக்கு எங்கே இடம்?

கள்ளக்குறிச்சியில் எனக்கு நெடுநாளைய சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். நெல், அரிசி வியாபாரம். மனிதர் வெகு சாது. ஆனால் சென்ற மாதம் அவரிடமிருந்து வந்த செய்தி அத்தனை சாதுவாக இல்லை. “வீட்டில் யுத்தம் மூண்டிருக்கிறது. சமாதானத் தூதராக உடனே புறப்பட்டு வரவும்” என்று எழுதியிருந்தார். போய்ச் சேர்ந்தேன்.

யுத்தத்துக்குக் காரணம் ஒரு மோட்டார் வண்டி. சிநேகிதருடைய புதல்வன் சென்னையில் உத்தியோகம் பார்க்கிறான். மூன்று வருஷமாக மிச்சம் பிடித்த பணம் அவனிடம் இருக்கிறது. அதனுடன் தகப்பனார் கொஞ்சம் சேர்த்து, வீட்டுக்கு ஒரு வண்டி வாங்குவதென்று முடிவாகியிருந்தது. மொத்தம் 12 லட்சம் ரூபாய். இதற்கு மேல் ஒரு காசும் கிடையாது; அடுத்த தை மாதத்தில் பெண்ணுக்குக் கலியாணம் வேறு வருகிறது.

தகப்பனாருக்கு உயரமான, கனமான ஜீப் மாதிரி வண்டி வேண்டும். பையனுக்கோ சென்னையில் ஒரு பழைய வண்டி வியாபாரியிடம் பார்த்து வைத்திருக்கும் சிவப்பு வண்டிதான் வேண்டும். சீமையிலிருந்து வந்தது, இரண்டே ஆசனம், கூரையை மடித்து வைத்துக்கொள்ளலாம், வயது பதினான்கு. படத்தைக் காட்டினான். அழகாகத்தான் இருந்தது. சங்கு மாதிரி வழவழவென்று தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

தகப்பனார் ஆயிரம் ஆட்சேபங்கள் சொன்னார். பையன் ஆயிரத்துக்கும் பதில் வைத்திருந்தான். கடைசியில் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த பாட்டியம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அது சரியடா கண்ணு, இதிலே நான் எங்கே உட்காருவது?”

அதற்குத்தான் பையனிடம் பதில் இல்லை.

நேயர்களே! இந்தக் கேள்வியைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். உற்சாகம் தரும் வண்டி வேண்டும், அது வீட்டுக்கும் உதவ வேண்டும் என்று நினைக்கிற எவரும் முதலில் விடை காண வேண்டிய கேள்வி அதுவே. பாட்டிக்கு இடம் கொடுத்தால் உல்லாசம் போய்விடும், உல்லாசம் வேண்டுமானால் பாட்டி பஸ்ஸில்தான் வர வேண்டும் என்று நம் இளைஞர்கள் நினைக்கிறார்கள். மோட்டார் உலகத்தின் சரித்திரம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்தில் ‘மாரிஸ்’ வண்டிகளை விற்றுவந்த ஒரு கொட்டகையிலிருந்துதான் எம்.ஜி. என்னும் பெயர் பிறந்தது. ‘மாரிஸ் கராஜ்’ என்பதன் சுருக்கமே அது. 1929-இல் அவர்கள் விற்கத் தொடங்கிய ‘மிட்ஜெட்’ என்னும் சின்னஞ்சிறு பந்தய வண்டியின் அடிக்கட்டு, குடும்பஸ்தர்கள் ஓட்டிய மாரிஸ் மைனருடையது. பிறகு 1959-இல் மினி வந்தது. சூயஸ் கால்வாய்ச் சண்டையினால் பெட்ரோலுக்குத் திண்டாட்டம் வந்தபோது, சிக்கனத்துக்காகவே உத்தேசிக்கப்பட்ட வண்டி அது. நீளம் சுமார் மூன்று மீட்டர். ஆனாலும் நான்கு பேர் உட்காரலாம். ஜான் கூப்பர் என்பவர் அதன் எஞ்சினுக்குக் கொஞ்சம் வலுவேற்றி, பிரேக்கைத் திருத்தி, 1961-இல் வெளியே விட்டார். மாண்டி கார்லோ பந்தயத்தில் 1964, 1965, 1967 ஆகிய மூன்று வருஷங்களில் அந்தச் சுண்டெலி பெரிய பெரிய வண்டிகளைத் தோற்கடித்தது. அந்தப் பந்தயத்தின் முக்கியமான பகுதி மலைப்பாதை என்பதை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நம் தேசத்திலும் கதை இதுதான். 1961 முதல் மதராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியை நம்மவர்கள் எத்தனையோ பேர் கலியாணத்துக்கும் கச்சேரிக்கும் ஓட்டினார்கள். அதே ஹெரால்டின் சட்டத்தைச் சற்றே குறுக்கித்தான் சீமையில் ‘ஸ்பிட்ஃபயர்’ என்னும் பேர்போன விளையாட்டு வண்டியைச் செய்தார்கள். கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 வண்டியின் எஞ்சினை வைத்தே ஒற்றை ஆசனப் பந்தய வண்டிகளைக் கட்டினார். நம் இளைஞர்கள் பலர் பந்தயம் பழகியது அவற்றில்தான். அவர் 1995-இல் சிறு விமான விபத்தில் காலமானார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயப் பாதை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே கோயம்புத்தூரிலிருந்துதான் 2005-இல் நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியராகப் புறப்பட்டார். பால் வாங்கப் போகிற வண்டியின் இருதயம் பந்தயத்துக்கும் போதுமானதாக இருந்தது என்பதுதான் இதன் சாரம்.

இதையெல்லாம் நான் எடுத்துச் சொன்னபோது பையன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான், ஆனால் நம்பவில்லை. “மாமா, அதெல்லாம் பழைய கதை. அந்தச் சிவப்பு வண்டிக்கு இருநூறு குதிரைச் சக்தி இருக்கிறது!” என்றான்.

“நல்லது தம்பி, அந்த இருநூறு குதிரைகளையும் எங்கே மேய்க்கப் போகிறாய்?” என்று கேட்டேன்.

“கல்வராயன் மலையில்!” என்றான், கண்கள் பிரகாசிக்க.

மறுநாள் காலையில் அவனுடைய அத்தான் வீட்டுப் பழைய ஸ்விஃப்ட் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு, நாங்கள் இருவரும் மலைக்குப் புறப்பட்டோம்.

கள்ளக்குறிச்சி 2019-இல் தனி ஜில்லாவாயிற்று. அதன் மேற்குத் திக்கில் நிற்கும் கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. உயரம் சுமார் 2,000 அடியிலிருந்து 4,000 அடி வரையில். ஊட்டியின் ஆடம்பரம் இதற்குக் கிடையாது. சாமையும் மரவள்ளியும் விளைவித்து, தேனும் கடுக்காயும் சேகரித்து ஜீவிக்கும் மலையாளிகள் என்னும் பழங்குடி மக்களுடைய மலை இது.

கச்சிராயபாளையம் வரையில் சமவெளி. அங்கே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. ஆகையால் கரும்புப் பருவத்தில் பாதையில் முக்கால் பங்கைக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் எடுத்துக்கொள்ளும். மிச்சமுள்ள கால் பங்கில் ஆடுகளும் மோட்டார் சைக்கிள்களும் நாமும். இதற்கு நடுவே வேகத்தடைகள். வேகத்தடை பத்து சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும், இத்தனை அகலத்தில் சரிய வேண்டும் என்றெல்லாம் விதி உண்டு. ஆனால் ஊரார் தாங்களே கட்டிக்கொள்கிற தடைகளுக்கு இலக்கணம் கிடையாது. அவை புதுக்கவிதையைச் சேர்ந்தவை. எங்கள் ஸ்விஃப்டின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே பதினாறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தது. அப்படியும் ஓர் இடத்தில் ‘கர்ர்’ என்று ஒரு சப்தம் கேட்டது. பையன் முகத்தைச் சுளித்தான். தாழ்ந்த விளையாட்டு வண்டிகள் பலவற்றுக்கு இந்த இடைவெளி பதின்மூன்று சென்டிமீட்டர்கூட இராது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சப்தமே சொல்லிவிட்டது.

கோமுகி அணைப் பக்கத்தைக் கடந்து மலையேறத் தொடங்கியதும் பையன் உற்சாகமாகிவிட்டான். இரண்டாவது கியர், மூன்றாவது, மறுபடியும் இரண்டாவது. வளைவு வருமுன் காலை எடுப்பதும், வளைவு முடியும்போது மெள்ள மிதிப்பதுமாக வெகு நேர்த்தியாக ஓட்டினான். வண்டி சொன்னபடி கேட்டது. ஒரு மணி நேரத்தில் அவன் ஒரு தரம்கூட ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. ஆனாலும் அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

“எப்படியிருக்கிறது?” என்றேன்.

“பிரமாதம், மாமா!”

“எண்பது குதிரைதானே இருக்கிறது இதில்?”

பதில் வரவில்லை. கணக்குப் போட்டுக் காட்டினேன். கொண்டை ஊசி வளைவு ஒன்றின் ஆரம் பதினைந்து மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், வண்டியை வெளியே தள்ளுகிற விசை வண்டியின் எடையில் ஏறக்குறையப் பாதி. அதை டயர்கள் தாங்கிக்கொள்ளும். நமக்கும் வயிற்றில் ஜிலுஜிலுவென்று இருக்கும். வேகத்தை இரட்டித்து 60 ஆக்கினால் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்காகும். வண்டியின் எடையைப் போல் சுமார் இரண்டு மடங்கு! சாலையில் ஓடும் எந்த டயரும் அதைத் தாங்காது. இருநூறு குதிரை இருந்தாலும் இரண்டாயிரம் குதிரை இருந்தாலும் அந்த வளைவில் முப்பது முப்பத்தைந்துதான். ஆக, மலையில் ஆனந்தம் கொடுப்பது குதிரைகளின் எண்ணிக்கை அல்ல. வண்டியின் லேசும், சக்கரம் திருப்பியவுடன் திரும்புகிற அடக்கமும், கைக்கு இணங்கும் கியரும்தான். பெரிய வண்டியில் நூறு கிலோமீட்டரில் கிடைக்கிற குதூகலம் சிறிய வண்டியில் நாற்பதிலேயே கிடைத்துவிடுகிறது. உயிருக்கும் அது நல்லது, பணப்பைக்கும் நல்லது.

மேலே ஏற ஏறக் காற்று மெலிவதால், சாதாரண எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் நூற்றுக்கு மூன்று பங்கு வலுவை இழக்கிறது. மூவாயிரம் அடியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். டர்போ என்னும் காற்றூதியைப் பொருத்திய எஞ்சினுக்கு இந்த நஷ்டம் மிகக் குறைவு. நம் மலைகளுக்குச் சின்ன டர்போ எஞ்சின் பொருத்தமாயிருப்பதற்கு இதுவே காரணம்.

வெள்ளிமலையில் காப்பி சாப்பிட்டுவிட்டு இறங்கத் தொடங்கினோம். ஏறும்போது கெட்டிக்காரனாயிருந்த பையன், இறங்கும்போது மூன்றாவது கியரிலேயே வண்டியை விட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தான். சற்று நேரத்தில் கருகிய நாற்றம் வந்தது. ஒரு வளைவில், தலையில் விறகுக் கட்டுடன் ஒரு மலைப் பெண்ணும், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தையும் வந்துகொண்டிருந்தார்கள். பையன் மிதித்தான். வண்டி நின்றது. ஆனால் அவன் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. இரண்டு முழம் தள்ளித்தான் நின்றது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையை மலைப் பக்கமாக இழுத்துக்கொண்டு, எங்களை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு நடந்தாள். நாங்கள் ஓரமாக நிறுத்திவிட்டு அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம், பிரேக் ஆறுவதற்கு; மனம் ஆறுவதற்கும்தான்.

எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். குறுகிய பாதையில் இறங்குகிறவன்தான் நின்று, ஏறுகிறவனுக்கு வழிவிட வேண்டும், இது சட்டம். இவற்றை நான் அப்போது சொன்னேன். ஆனால் அன்று அவன் கற்றது என் வாயிலிருந்து அல்ல. நமக்கு உல்லாசமாயிருக்கும் சாலை அந்தப் பெண்ணுக்கு வீட்டு வாசல். வேகமாக ஓட்டித்தான் தீர வேண்டுமென்றால், அதற்கென்றே செட்டிபாளையத்திலும், சென்னைக்கருகே இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயப் பாதைகள் இருக்கின்றன. அங்கே குழந்தைகள் குறுக்கே வருவதில்லை.

அன்று மாலை ஊஞ்சலைச் சுற்றி மகாநாடு கூடியது. சிவப்பு வண்டியின் பேச்சைப் பையனே எடுக்கவில்லை. ஆகவே விஷயம் எளிதாயிற்று. எங்கள் ஆலோசனையை நேயர்களுக்கும் உபயோகப்படும் என்று கருதிச் சுருக்கமாக எழுதுகிறேன்.

முதலாவது, புதிதா பழையதா? 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1,200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் எஞ்சினும் உள்ள வண்டிக்கு வரி நூற்றுக்கு 18. அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 40. குட்டி வண்டிப் பிரியர்களுக்கு இது பெரிய அனுகூலம். இருங்காட்டுக்கோட்டையில் நம்மவர் கைகளாலேயே தயாராகி 2021-இல் வெளிவந்த ஹூண்டாய் ஐ20 என் லைன், ஒரு லிட்டர் டர்போ எஞ்சினில் 120 குதிரைச் சக்தி தருகிறது. 2024-இல் டாட்டாவின் ஆல்ட்ராஸ் ரேசரும் அதே 120 குதிரையுடன் வந்தது. 1976-இல் உலகத்தையே மயக்கிய வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. வண்டிக்கு 110 குதிரைதான் என்பதை யோசித்துப் பாருங்கள்! அதே கோல்ஃபின் இக்கால வாரிசு 2025-இல் நம் தேசத்துக்கு இறக்குமதியாகி வந்தபோது விலை சுமார் 53 லட்சம். அதைப் படத்தில் பார்த்து ஆனந்திப்போமாக.

பழையதில், 2013 முதல் 2022 வரை விற்ற போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 2017 முதல் 2020 வரை விற்ற மாருதி பாலேனோ ஆர்.எஸ்., அவற்றுக்கும் முந்திய ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ், ஃபியட் பாலியோ 1.6 ஆகியவை ரஸிகர்கள் தேடுகிறவை. ஆனால் ஃபோர்டும் ஃபியட்டும் இங்கே கார் உற்பத்தியை நிறுத்திவிட்டன. உதிரிப் பாகங்களுக்காக ஊர் ஊராய் அலைய மனமுள்ளவர்கள் மட்டும் அவற்றைத் தொடலாம். கள்ளக்குறிச்சிக்காரர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இந்த வண்டி நடுவழியில் நின்றால், நம் ஊரிலோ சேலத்திலோ விழுப்புரத்திலோ இதைத் திறந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக் உண்டா? சீமைச் சிவப்பு வண்டி இந்த ஒரு கேள்வியிலேயே விழுந்துவிட்டது. மேலும் அதற்கு அடுத்த வருஷம் பதினைந்து வயது நிரம்புகிறது. பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவை அந்த வியாபாரி சொல்லவே இல்லை.

இரண்டாவது, பரீட்சை. பழைய வண்டியைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். சூடேற்றி வைத்த எஞ்சின் தன் நோயை மறைத்துவிடும். டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும். 2321 என்றிருந்தால் 2021-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் பிறந்த டயர். நான்கு டயருக்கும் நான்கு ஜாதகமாயிருந்தால் ஏன் என்று கேளுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களுக்கு ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம், அதற்கு முந்திய வண்டியானால் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருபது சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த வண்டிக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதைக் கையேட்டில் பாருங்கள். 2023-க்கு முந்திய வண்டிகள் பல அதற்கென்று தயாரானவை அல்ல.

மூன்றாவது, காகிதம். ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணையும் அடிச்சட்டத்து எண்ணையும் வண்டியோடு ஒப்பிட வேண்டும். கடன் பாக்கி உண்டா என்று பார்க்க வேண்டும். விற்றவர் பதினான்கு நாளைக்குள்ளும், வாங்கியவர் முப்பது நாளைக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்ஷ்யூரன்ஸையும் பதினான்கு நாளைக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். எஞ்சினைத் திருத்தி, சப்தக் குழாயை மாற்றி, ‘சிங்கம் மாதிரி கர்ஜிக்கும்’ என்று விற்பவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது.

நான்காவது, மிச்சப் பணம். கையிலுள்ளதையெல்லாம் வண்டிக்கே கொட்டிவிட்டு, தேய்ந்த டயரோடு மலையேறுவது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது போலாகும். நல்ல டயர் நான்கு, புதிய பிரேக் கட்டைகள், மாற்றிய பிரேக் எண்ணெய் – இந்த மூன்றுக்கும் முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். இவற்றைப் போல் ஒரு வண்டியின் உற்சாகத்தைக் கூட்டுவது வேறில்லை.

மூன்று வாரம் கழித்துச் செய்தி வந்தது. பையன் ஒரே கை மாறிய பாலேனோ ஆர்.எஸ். ஒன்றை வாங்கியிருக்கிறான். ஒரு லிட்டர் டர்போ, 102 குதிரை, எடை ஒரு டன்னுக்கும் குறைவு, நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், கையால் போடும் கியர். ஐந்து பேருக்கு ஆசனம். சிவப்பு கிடைக்கவில்லையாம், சாம்பல் நிறந்தான். டயரும் பிரேக்கும் மாற்றிய பிறகும் பன்னிரண்டு லட்சத்தில் ஒரு நல்ல பங்கு மிஞ்சி, கலியாணக் கணக்குக்குத் திரும்பிவிட்டது. தகப்பனார் இப்போது ஜீப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

முதல் பிரயாணம் வெள்ளிமலைக்கு. முன் ஆசனத்தில் பாட்டியம்மாள். போய்த் திரும்பிய பிறகு அபிப்பிராயம் கேட்டார்களாம்.

“ஏறுகிறபோது பயல் கொஞ்சம் ஆட்டம் காட்டினான், எனக்கும் ஊஞ்சல் ஆடினாற்போல் நன்றாகத்தான் இருந்தது. இறங்குகிறபோது பதவிசாக வந்தான். வழியில் விறகுக்காரி ஒருத்தியைக் கண்டதும் தூரத்திலேயே நிறுத்திவிட்டான். அது ஏனோ தெரியவில்லை” என்று சொன்னாராம் பாட்டி.

ஏன் என்று எனக்குத் தெரியும், பையனுக்கும் தெரியும். இப்போது நேயர்களுக்கும் தெரியும்.